இரசாயனப் பக்கம் மூடிக்கொண்ட மாதம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு இனிமேல் தேவைப்படாது. ஹட்டனில் நான் இணையத்தளம் செய்து கொடுக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு படம் திரையில் மேலிருந்து கீழே இறங்கி முடிவதற்குள் பிளேன்டீ ஊற்றி ஆறவைத்துக் குடித்துவிடலாம். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதறிப்போன ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிடும்போது நாம் என்ன செய்கிறோம் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஹோஸ்டிங், அதாவது இணையத்தளத்தை வைக்க ஓர் இடம், வாங்க வருகிறவர்கள் அப்போது கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. "இடம் எவ்வளவு குடுப்பீங்க?" காணி வாங்குகிற மாதிரி இடத்தைப் பற்றியே கேட்பார்கள். வைத்த சாமானை மாதம் முழுக்க எத்தனை பேர் எத்தனை தடவை எடுத்துப் போவார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. விற்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. விளம்பரத்தில் பேண்ட்வித் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உண்மையில் மாதத்துக்கு இவ்வளவு என்று தரவுப் பரிமாற்றத்தை அளந்து விற்றார்கள். கேட்கிறவனுக்கு இரண்டும் ஒன்று என்ற நினைப்பு.

இரண்டும் ஒன்றல்ல. நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் தண்ணீர் விழும் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் எவ்வளவு அகலம், ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் விழும் என்பது பேண்ட்வித். மாதம் முழுவதும் எல்லாக் குடத்திலும் சேர்த்து மொத்தமாக எவ்வளவு தண்ணீர் போனது என்பது தரவுப் பரிமாற்றம். குழாய் எத்தனை அகலமாக இருந்தாலும், மாதத்துக்கென்று ஒதுக்கிய தண்ணீர் தீர்ந்தால் அடுத்த மாதம் பிறக்கும்வரை பீலி காய்ந்துதான் கிடக்கும். இந்த வித்தியாசத்தை நான் ஒரு இரசாயன டீச்சரின் இணையப் பக்கத்தில்தான் நன்றாகப் படித்தேன்.

அந்த டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவர். தோட்டத்துப் பிள்ளைகள் விஞ்ஞானப் பிரிவில் படிப்பதே அன்று அபூர்வம். படிக்க ஆசைப்பட்டாலும் தமிழில் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பல வருடம் கிடந்து படிப்பித்தார். பிறகு ஊரில் தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் உடம்புக்கு முடியாமல் போகவே, இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அவருடைய இடத்துக்கு வேறு ஆளை அனுப்பவில்லை. பரீட்சையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் நடுவழியில் நின்றார்கள்.

போவதற்கு முன் ஒருநாள் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் பாடக் குறிப்புகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணை, இதுகளை நெற்றில போட ஏலுமோ? பிள்ளையள் ஹட்டனுக்கு வந்தாவது பாக்குங்கள்" என்றார். தமிழில் தட்டச்சு செய்து போட்டால் வேறு கணினியில் திறக்கும்போது பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம் அது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து படமாகவே ஏற்றினேன். முதற்பக்கத்தில் பாடங்களின் பெயர்கள் இருந்தன. அவற்றுக்கு மேலே டீச்சரின் கடைசி வகுப்புப் படம். பிரியாவிடை அன்று எடுத்தது, பிள்ளைகள் எல்லோரும் மூன்று வரிசையாக நின்றார்கள். சின்னதாக்கிப் போடலாம் என்றேன். பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. ஆளாளுக்குத் தன் முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்றார்கள். இணையத்தில் தன் முகம் வருவது அப்போது சின்ன விஷயமா? இருந்த அளவிலேயே போட்டுவிட்டேன்.

பக்கம் நன்றாகவே ஓடியது. ஹட்டனில் பேக்கரிக்கு மேல்மாடியில் செல்வராஜ் என்று ஒருவர் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தார். போட்டோகொப்பி, தொலைபேசி, இணையம் எல்லாம் அங்கே உண்டு. பிள்ளைகள் அங்கே வந்து திரையைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள். அப்படி வருகிறவர்களில் தவமணி என்ற வட்டகொடைப் பெண்ணை எனக்கு முகம் பழக்கம். ரயிலில் வருவாள். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். உயர்தரப் பரீட்சை எழுத தவமணிக்கு அது மூன்றாவது தடவை, அதாவது அனுமதி உள்ள கடைசித் தடவை. மற்றப் பாடங்கள் அவளுக்குப் பயமில்லை, இரசாயனம்தான் இரண்டு முறையும் காலை வாரியது. இந்த முறையும் விட்டால் கொழும்பில் ஏதாவது கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுவதென்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

பரீட்சை நெருங்கிய ஒரு காலை நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டார்.

"அண்ணை, பக்கம் திறக்குதில்லையாம். பிள்ளையள் கோல் எடுத்து அழுகுதுகள்."

திறந்து பார்த்தேன். மாத அளவு தாண்டிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. கொழும்பில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பேசிய சிங்களப் பெண்மணி பொறுமையானவர். இரண்டு வழிதான் என்றார். அடுத்த மாதம் பிறக்கும்வரை காத்திருக்கலாம், இல்லாவிட்டால் பெரிய பக்கேஜுக்கு மாறலாம். அடுத்த மாதம் பிறப்பதற்குள் இரசாயனப் பரீட்சை முடிந்துவிடும்.

டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"பெரிசுக்கு மாத்தி விடுங்கோ. சம்பளம் வந்த உடனை நான் அனுப்பிறன். காசைப் பாக்காதேங்கோ அண்ணை."

உண்மையைச் சொன்னால் எனக்கு அது சுலபமான வழி. ஒரு வார்த்தை சொன்னால் பக்கம் திறந்துவிடும், எல்லோரும் எனக்கு நன்றி சொல்வார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஏதோ ஒன்று மனதில் உறுத்தியது. படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேரும் எல்லாப் பாடத்தையும் விழுந்து விழுந்து படித்தாலும் அந்த அளவு தீராது. அப்படியென்றால் யாரோ வேறு வழியாக அள்ளுகிறார்கள். அது யாரென்று தெரியாமல் பெரிய அளவு வாங்கினால் அதுவும் அதே வழியில் போகும். டீச்சரின் சம்பளத்தையும் கரைத்துவிட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் மறுபடி அதே ஒற்றை வரி வந்து நின்றால் பிள்ளைகளின் கதி என்ன?

"டீச்சர், இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. எங்க போகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"பிள்ளையளுக்கு ஒவ்வொரு நாளும் பெறுமதி அண்ணை" என்று மட்டும் சொன்னார். கோபமில்லை, கெஞ்சல்தான். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு குரல் கேட்கும். கேட்டவுடன் விலைப்பட்டியலை எடுத்து நீட்டத் தோன்றும். முதலில் எது வெளியே போகிறது, எத்தனை தடவை, யாரிடம் என்று பாருங்கள். அதற்குப் பிறகு விற்றுக்கொள்ளலாம்.

கொழும்புப் பெண்மணியிடம் கேட்டு, பக்கத்தில் எது எப்போது திறக்கப்பட்டது என்று காட்டும் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். பாடங்களைத் திறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முதற்பக்கம்தான் ஓயாமல் போயிருந்தது, அதுவும் அந்தப் பெரிய வகுப்புப் படத்தோடு சேர்த்து. காலையில் கடை திறக்கிற நேரத்தில் தொடங்கி, கடை பூட்டுகிற நேரத்தில் நின்றது. பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் போயா பார்த்தா படிப்பார்கள்? குடையை எடுத்துக்கொண்டு செல்வராஜின் கடைக்கு நடந்தேன்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. மாடியில் எல்லாக் கணினியின் முன்னாலும் ஆட்கள் இருந்தார்கள். வேலை வாய்ப்புப் பார்க்க வந்த ஒருவர் ஒரு கணினியில் உட்கார்ந்து இணையத்தைத் திறந்தார். அந்த ஒற்றை வரி வந்தது. அவர் அதைப் படிக்கவும் இல்லை, மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அடுத்த கணினியிலும் அதே வரிதான் முதலில் வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. கடையிலிருந்த எல்லாக் கணினியிலும் டீச்சரின் பக்கத்தையே முதலில் திறக்கும்படி வைத்திருந்தார் செல்வராஜ். ஒருவர் எழுந்து போனதும் அவர் பார்த்ததையெல்லாம் சுத்தமாக அழித்துவிடுவது அந்தக் கடையின் பழக்கம். ஒருவருடைய கடிதத்தை இன்னொருவர் பார்த்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். அதனால் புதிதாக ஒருவர் வந்து உட்காரும்போதெல்லாம் அந்த முழுப் படமும் கொழும்பிலிருந்து மறுபடி புதிதாக வந்தது. பாடம் படிக்க வந்தாலும் சரி, சவூதியிலிருக்கும் மனைவிக்குக் கடிதம் அனுப்ப வந்தாலும் சரி.

மூலையில் தவமணி உட்கார்ந்திருந்தாள். கொப்பியைத் திறக்கவே இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அண்ணே, நான் அந்தச் சேதன இரசாயனப் பாடத்தத் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருந்தேன். வெளங்கலன்னு நெறைய வாட்டி தொறந்தேன். அதனாலதான் மூடிட்டாங்களா?"

அவள் கண் கலங்கியிருந்தது. தான் அளவுக்கு மேல் படித்துவிட்டதாக ஒரு பிள்ளை குற்றவாளி போல் நிற்பதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"உன்னால இல்லம்மா. நீ இன்னும் நூறு வாட்டி தொறந்தாலும் ஒன்னும் ஆகாது" என்றேன்.

"அப்ப யாராலண்ணே?"

கேட்டது தவமணி இல்லை, செல்வராஜ். மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்திருந்தார்.

இந்த இடத்தில்தான் எனக்குத் திண்டாட்டம். கடை நிறைய ஆட்கள். செல்வராஜ் அந்தப் பிள்ளைகளிடம் இணையத்துக்கு முழுக் காசு வாங்காதவர் என்பது ஊருக்கே தெரியும். இவரால்தான் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் மழுப்பிவிட்டு ஆள் இல்லாத நேரம் பார்த்து மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அடுத்த மாதம் அன்பு மிகுந்து மறுபடி வைத்துவிடுவார். தனியாகப் பேசலாம் என்று படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"செல்வராஜ், மெஷின் எல்லாத்துலயும் டீச்சரோட பக்கத்த மொதல்ல வர்ற மாதிரி வச்சது நீங்கதானே?"

"ஆமாண்ணே." முகம் மலர்ந்தது. "நம்ம தோட்டத்துப் புள்ளைங்க போட்டோ நெட்டுல வருதுன்னா சும்மாவா? வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்னு வச்சேன். தலவாக்கலை, நுவரெலியா, ராகலை, தெரிஞ்ச கடைக்காரங்க எல்லாருக்கும் போன் பண்ணி வைக்கச் சொன்னேன். அவங்களும் வச்சிட்டாங்க."

ராகலை வரைக்கும் போயிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பீலிக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் படம் எப்படிப் போகிறது, மாத அளவு எப்படித் தீர்ந்தது என்று சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. கொஞ்ச நாளாக லைன் மந்தமாக இருக்கிறதென்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர். அதற்கும் காரணம் அந்தப் படம்தான்.

"அப்ப நாந்தான் மூடிட்டேன்" என்றார்.

"நல்ல மனசுல செஞ்சது. உங்களுக்குத் தெரியாது, எனக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"எனக்கு ஓ எல் பரீட்சைக்குப் பொறகு சயன்ஸ் படிக்கத்தாண்ணே ஆசை. வாத்தியார் இல்லன்னு சொல்லி வர்த்தகத்துல ஒக்கார வச்சாங்க. இந்தப் புள்ளைங்களுக்காவது வாத்தியார் இருக்காங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்னு பண்ணேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தால் நான் தொழில் தெரிந்தவன், அவ்வளவுதான். ஒருவர் அன்பால் செய்த தவறைக் காட்டினால், அந்த அன்பு போக இன்னொரு வழியையும் கூடவே காட்டவேண்டும். நல்லவேளையாக வழி ஒன்று இருந்தது. பக்கம் மூடிக் கிடந்தாலும், நான் ஸ்கேன் செய்த பாடங்கள் அத்தனையும் என் கணினியில் பத்திரமாக இருந்தன. காலையிலிருந்து பூட்டின கதவை எப்படித் திறப்பது என்றே எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தோம். சாமானே என் வீட்டில் கிடந்தது.

"சீடில போட்டுத் தர்றேன். ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் ஏத்தி வச்சிருங்க. புள்ளைங்க இன்டர்நெட் இல்லாமலே படிக்கலாம். எத்தன வாட்டி தொறந்தாலும் தீராது" என்றேன்.

செல்வராஜ் உள்ளே போனார். ஒவ்வொரு கணினியாகக் குனிந்து, உட்கார்ந்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, முதற்பக்கத்தை மாற்றினார். பிறகு மற்றக் கடைகளுக்குப் பேசுவதற்காக இணைய லைனைத் துண்டித்தார். இணையத்துக்கும் பேச்சுக்கும் சேர்த்து இருந்தது ஒரே தொலைபேசி லைன். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். "நாந்தான் வைக்கச் சொன்னேன், நானே எடுக்கச் சொல்றேன். கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மறுநாள் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நான் கொடுத்த சீடிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவர் ராகலை வரை போய்விட்டுத்தான் வந்தார்.

எனக்கு இன்னொரு வேலை மிச்சமிருந்தது. முதற்பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுக்கவேண்டும். டீச்சரிடம் அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவருக்கு அந்தப் பிள்ளைகளென்று பார்க்க இருந்ததே அதுதான் என்று நினைத்திருந்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அந்தப் படம் என்ர வீட்டுச் சுவரில கொழுவிக் கிடக்குது அண்ணை. நோட்ஸ்தான் பிள்ளையளிட்ட இல்லை. எடுத்து விடுங்கோ" என்றார். பிறகு, "செல்வராஜ் தம்பியை ஒருத்தரும் ஏசிப்போடாதேங்கோ" என்று சேர்த்துக்கொண்டார்.

படத்தை எடுத்ததைக் கொழும்புப் பெண்மணியிடம் காட்டினேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் தன் மேலாளரிடம் பேசி, அந்த மாதத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டித் தந்தார். அந்தக் கொஞ்சமே மாதக் கடைசி வரை போதுமானதாக இருந்தது. பெரிய பக்கேஜ் தேவைப்படவே இல்லை.

பரீட்சை முடிவு வெளியான நாளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அன்றைக்குப் பிரச்சினை வேறு. மாத அளவு அல்ல, குழாயின் அகலம். நாடு முழுக்க ஒரே நேரத்தில் முடிவு போட்டிருந்த ஒரே பக்கத்தைத் திறக்கப் பார்த்தது. செல்வராஜின் கடை மாடிப்படி வரை பிள்ளைகளால் நிறைந்திருந்தது. எல்லாக் கணினியிலும் எல்லோரும் முயற்சி செய்ய, ஒன்றுமே வரவில்லை. கடையின் அந்த ஒற்றை லைனைத்தான் அத்தனை கணினிகளும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராஜே எழுந்தார். "எல்லா மெஷினையும் நிப்பாட்டுங்க. ஒன்னே ஒன்னுல பாப்போம். ஒவ்வொருத்தரா" என்றார். வியாபாரம் செய்யவேண்டிய நாளில் ஒன்றைத் தவிர எல்லாத் திரைகளும் இருண்டன. தவமணியைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். அவள் தன் பரீட்சை இலக்கத்தைத் தட்டினாள். பக்கம் வருவதும் பாதியில் நிற்பதுமாக இருந்து, கடைசியில் வந்தது. இரசாயனத்தில் சித்தி பெற்றிருந்தாள். மற்றப் பாடங்களும் கைவிடவில்லை.

என் கைத்தொலைபேசியில் டீச்சரைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் அழுதாள். செல்வராஜ் வாங்கி, "டீச்சர், தவமணி பாஸுங்க" என்றார். "வைக்காதேங்கோ தம்பி, மற்றப் பிள்ளையளின்ரயும் சொல்லுங்கோ" என்றாராம் டீச்சர். ஒவ்வொருவராக வந்தார்கள். செல்வராஜ் பெயரையும் முடிவையும் சொன்னார். சித்தியடைந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "சந்தோசம்" வந்துகொண்டிருந்தது.

கொட்டகலைப் பையன் ஒருவன் சித்தியடையவில்லை. செல்வராஜ் அதைச் சொல்ல வாய் வராமல் நின்றபோதே டீச்சருக்குப் புரிந்திருக்கவேண்டும். "அந்தப் பிள்ளையிட்டை போனைக் குடுங்கோ" என்றார். அவன் வாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி நின்றான். டீச்சர் என்ன சொன்னாரென்று தெரியாது, அவன் "ம்", "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தான்.

"அடுத்த வருசமும் பக்கம் இருக்குமான்னு டீச்சர் உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்கண்ணே."

"இருக்கும்னு சொல்லுய்யா" என்றேன்.

அவன் சொன்னான். தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்வராஜ் நிறுத்தி வைத்திருந்த கணினிகளில் ஒன்றை மறுபடி போட்டாள். அதற்குள்தான் பாடங்கள் இருந்தன, இணையம் வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "எந்தப் பாடம்டா வெளங்கல?" என்று அவனைக் கேட்டாள்.